காற்றுத் துப்பாக்கி ஸ்கோப்புக்கு லைசென்ஸ் வேண்டுமா, வேண்டாமா?

கேள்வி, 11 பிப்ரவரி 2024

எங்கள் தோட்டம் சென்னிமலைப் பக்கம் இருக்கிறது. 4.5 மி.மீ. காற்றுத் துப்பாக்கி ஒன்று வைத்திருக்கிறேன். அதில் பொருத்துவதற்கு, நான்கு மடங்கு பெரிதாகக் காட்டும் ஸ்கோப் (குறிபார்க்கும் கண்ணாடி) ஒன்றை இணையக் கடையில் பார்த்தேன். கடைக்காரர் எந்தக் காகிதமும் தேவையில்லை என்கிறார். என் மைத்துனரோ, ஸ்கோப்பும் துப்பாக்கியின் உறுப்புதான், லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் வழக்குப் போட்டுவிடுவார்கள் என்கிறார். யார் சொல்வது சரி?

11 பிப்ரவரி 2024, இரவு

கடைக்காரர் சொல்வதே சரி. ஆட்சியர் அலுவலகத்தில் துப்பாக்கி உரிமப் பிரிவில் பல ஆண்டுகள் எழுத்தராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஸ்கோப்புக்கு உரிமம் கேட்டு ஒரு விண்ணப்பமும் என் மேசைக்கு வந்ததில்லை.

சட்டத்தில் இதற்கு ஆதாரம் இருக்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பிரிவு 2இல் 'சுடுகலன்' என்றால் என்ன என்று வரையறுக்கிறது. வெடிமருந்தின் விசையாலோ வேறு ஆற்றலாலோ எறிபொருளைச் செலுத்தும் ஆயுதம் சுடுகலன். அதன் உறுப்புகளும் சுடுகலனே. துணைக்கருவிகள் என்று வரும்போது, சுடும் ஓசையையோ தீப்பிழம்பையோ குறைப்பதற்காக அமைந்தவற்றை மட்டுமே அந்த வரையறை பெயர் சொல்லிச் சேர்க்கிறது. குறிபார்க்கும் கண்ணாடி அதில் இல்லை. துணைக்கருவிகள் அனைத்தையும் அடக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியவர்கள் எண்ணியிருந்தால், ஓசையையும் பிழம்பையும் மட்டும் தனியே எடுத்துச் சொல்ல வேண்டிய தேவையே இருந்திருக்காது. மைத்துனர் சொல்லும் 'உறுப்பு' என்ற வாதம் இங்கே நிற்காது. குழலோ விசையோ இல்லாவிட்டால் துப்பாக்கி சுடாது. ஸ்கோப் இல்லாவிட்டாலும் சுடும்.

அதே இணையப் பக்கத்தில் ஸ்கோப்புக்குப் பக்கத்திலேயே, சுடும் ஓசையை அடக்கும் சைலன்சரையும் வைத்து, இரண்டையும் சேர்த்து வாங்கினால் விலை குறைவு என்று விற்பார்கள். அதைத் தொட வேண்டாம். அது வரையறைக்குள் நேராக வந்து விழும் பொருள்.

உங்கள் துப்பாக்கி 4.5 மி.மீ. என்பதால் அதற்கும் உரிமம் வேண்டாம். கவலையின்றி வாங்குங்கள்.

12 பிப்ரவரி 2024, காலை

நேற்றுக் கடைசி வரியை அவசரத்தில் எழுதிவிட்டேன். திருத்துகிறேன்.

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், காற்றுத் துப்பாக்கிக்கு உரிம விலக்கு அளிக்க இரண்டு அளவுகளைச் சேர்த்துப் பார்க்கின்றன. குழலின் உள்விட்டம் 4.5 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. குழல்வாயில் குண்டுக்குள்ள ஆற்றல் 20 ஜூலைத் தாண்டக் கூடாது. விட்டம் சரியாக இருந்து ஆற்றல் கூடினாலும் உரிமம் வேண்டும். ஆற்றல் குறைவாக இருந்து விட்டம் 5.5 மி.மீ. ஆக இருந்தாலும் உரிமம் வேண்டும்.

20 ஜூல் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கிலோகிராமில் எடுத்த எடையில் பாதியை, வினாடிக்கு எத்தனை மீட்டர் என்ற வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஆற்றல் ஜூலில் வரும். வழக்கமான ஈயக் குண்டு 8 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 0.52 கிராம். அது 20 ஜூலை எட்ட வேண்டுமானால் வினாடிக்கு ஏறக்குறைய 278 மீட்டர் வேகத்தில் புறப்பட வேண்டும். என்னுடைய பழைய துப்பாக்கி அதே குண்டை 200 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. 10 ஜூலுக்குச் சற்று மேல்.

12 பிப்ரவரி 2024, மாலை

விளம்பரத்தில் வினாடிக்கு ஆயிரம் அடி என்று போட்டிருக்கிறார்களே, அது எல்லையைத் தாண்டியதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேகத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆயிரம் அடி என்பது 305 மீட்டர். 8 கிரெய்ன் ஈயக் குண்டு அந்த வேகத்தில் சென்றால் 24 ஜூல், எல்லைக்கு மேல். 5 கிரெய்ன் எடையுள்ள இலேசான உலோகக் கலவைக் குண்டு அதே வேகத்தில் சென்றால் 15 ஜூல், எல்லைக்குள். விளம்பரத்து எண் பெரும்பாலும் இலேசான குண்டை வைத்து எடுத்ததாகவே இருக்கும். ஆகவே பெட்டியிலோ தயாரிப்பாளரின் சான்றிலோ ஜூல் கணக்கு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாவிட்டால் கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். ஸ்கோப்புக்காகக் காகிதம் தேடுவதை விட இந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்துவதே பயன் தரும். என் துப்பாக்கிக்கு அந்தக் காகிதத்தை நான் வைத்துக்கொள்ளவில்லை; பின்னால் அதற்காக வருந்த நேர்ந்தது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

15 பிப்ரவரி 2024

ஸ்கோப் என்பது போட்டியாளர்களுக்கான பொருள், துப்பாக்கி சுடும் சங்க உறுப்பினர் அட்டை இருந்தால்தான் வைத்திருக்கலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நடைமுறை இதற்கு நேர்மாறானது. உலகத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் தொலைநோக்கி வகைக் குறிக்கண்ணாடிக்கு அனுமதியே இல்லை. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், 2019இல் ரியோ உலகக் கோப்பையில் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் தங்கம் வென்றதும் சிறு துளை வழியாகப் பார்க்கும் பீப் சைட்டை வைத்துத்தான். பத்து மதிப்பெண்ணுக்குரிய புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம். அதை வெறும் துளை வழியே பார்த்து அடிக்கிறார்கள். நகரும் இலக்குப் போட்டியில் மட்டும் ஸ்கோப் உண்டு, அதிலும் நான்கு மடங்குக்கு மேல் பெரிதாக்கக் கூடாது.

19 பிப்ரவரி 2024

முதல் நாள் நான் எழுதியதை மறுபடி படித்தேன். ஸ்கோப் பற்றிச் சொன்னதில் சட்டப்படி பிழையில்லை, ஆனால் கேட்டவருக்கு அது போதாது. அவர் தனிச்செய்தியில், ஸ்கோப் எதற்கு என்று நான் கேட்டதற்கு, நிலக்கடலை விதைத்தால் மயில் கிளறிவிடுகிறது, தூரத்திலிருந்தே விரட்ட வேண்டும் என்று பதில் எழுதியிருந்தார். இதைப் பொதுவில் சொல்ல அவர் ஒப்புக்கொண்டதால் எழுதுகிறேன்.

ஆயுதச் சட்டம் ஒருவரை விட்டுவிட்டது என்பதால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் விட்டுவிடும் என்று எண்ணக் கூடாது. அந்தச் சட்டத்துக்குத் தனி வரையறை இருக்கிறது. அதில் 'ஆயுதம்' என்பது வில், அம்பு, கத்தி, வலை, கண்ணி, நஞ்சு தொடங்கி, ஒரு விலங்கைக் கொல்லவோ காயப்படுத்தவோ மயக்கவோ ஏமாற்றி ஈர்க்கவோ கூடிய எந்தக் கருவியையும் உள்ளடக்கியது. 20 ஜூல் கணக்கு அங்கே செல்லாது. உரிமம் தேவையில்லாத நம் காற்றுத் துப்பாக்கி அங்கே முழு ஆயுதம்.

'வேட்டை' என்பதற்கான வரையறையும் அப்படித்தான். கொன்றால் மட்டும் வேட்டை அன்று. கொல்ல முயன்றாலும் வேட்டை, விரட்டிப் பிடிக்க முயன்றாலும் வேட்டை. மயில் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புள்ள பட்டியலில், உள்ள பறவை. 2023 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை; அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. குற்றத்துக்குப் பயன்படுத்திக் கைப்பற்றப்பட்ட ஆயுதமும் கருவியும் வண்டியும் பிரிவு 39இன் கீழ் அரசின் உடைமையாகிவிடும். துப்பாக்கி மேல் இருக்கும் ஸ்கோப்பும் அதனோடு போகும்.

இங்கேதான் ஸ்கோப் வேறு பொருளாக மாறுகிறது. சும்மா பயமுறுத்தத்தான் சுட்டேன், குறி பார்க்கவில்லை என்று ஒருவர் சொல்லலாம். நான்கு மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியைத் துப்பாக்கி மேல் திருகி வைத்துக்கொண்டு அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? வைத்திருப்பது குற்றமாகாத ஒரு பொருள், என்ன நோக்கத்தோடு சுட்டார் என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது. கடலைக் காட்டைக் காக்க வேண்டிய வலி எனக்குத் தெரியும். என் தோட்டத்திலும் மயில் வருகிறது. ஆனாலும் மயிலுக்காக என்றால் ஸ்கோப்பும் வாங்க வேண்டாம், துப்பாக்கியையும் எடுக்க வேண்டாம்.

20 பிப்ரவரி 2024

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் என் சொந்த அனுபவம்.

ஓய்வு பெற்ற அடுத்த ஆண்டு, மைசூருவில் இருக்கும் உறவினர் வீட்டுக்குக் காரில் புறப்பட்டேன். அங்கே பேரப்பிள்ளைகளுக்குக் காகித இலக்கில் சுடக் கற்றுத்தரலாம் என்று, ஸ்கோப் பொருத்திய காற்றுத் துப்பாக்கியை உறையில் இட்டுப் பின்னிருக்கையில் வைத்திருந்தேன். அந்தச் சாலை சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் ஊடாகச் செல்கிறது. சோதனைச் சாவடியில் வண்டியைப் பார்த்த காவலர் உறையைத் திறக்கச் சொன்னார். நான் ஆயுத விதிகளை ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரணாலயத்துக்குள் எந்த ஆயுதத்தோடும் நுழைய முதன்மை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும், அது இருக்கிறதா என்று கேட்டார். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 31. நான் படித்திராத பிரிவு அன்று. நினைத்துப் பார்த்திராத பிரிவு. உரிமப் பிரிவில் எத்தனையோ பேருக்கு விதி சொன்னவன், என் பின்னிருக்கையில் இருந்ததை ஆயுதமாகவே எண்ணியிருக்கவில்லை.

துப்பாக்கியின் ஆற்றல் எவ்வளவு என்று கேட்டபோது காட்டக் காகிதம் இல்லை. ஸ்கோப் ஏன் என்று கேட்டபோது பேரப்பிள்ளைகள் என்று சொன்னேன். அந்த இடத்தில், அந்த நேரத்தில், அது எனக்கே பலவீனமாகக் கேட்டது. நான் சாவடியைத் தாண்டாமல் நின்றிருந்ததால் விவரங்களை எழுதிக்கொண்டு திருப்பி அனுப்பினார்கள். உள்ளே பத்து கிலோமீட்டர் சென்ற பிறகு வண்டியை நிறுத்தியிருந்தால் கதை வேறாகியிருக்கும். அவர்கள் செய்தது முழுவதும் சரி. தவறு என்னுடையது.

22 பிப்ரவரி 2024

நேற்று இரவெல்லாம் சட்டப் புத்தகத்தைப் புரட்டியதில் கண்ணில் பட்ட இன்னொன்று, கேள்வி கேட்டவருக்கும் எனக்கும் நேரடியாகப் பொருந்துவது. அதே வன உயிரினச் சட்டத்தின் பிரிவு 34 சொல்கிறது: சரணாலயத்துக்குள்ளோ அதிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளோ குடியிருந்து, ஆயுத உரிமம் வைத்திருப்பவர்களும், ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்று ஆயுதம் வைத்திருப்பவர்களும், தங்கள் பெயரை வனத்துறையிடம் பதிவு செய்ய விண்ணப்பிக்க வேண்டும். சரணாலய அறிவிப்பு வந்த மூன்று மாதங்களுக்குள் என்று காலக்கெடு. அந்தப் பத்து கிலோமீட்டருக்குள் புதிய துப்பாக்கி உரிமம் கொடுப்பதானால் முதன்மை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவும் வேண்டும். உரிமப் பிரிவில் இருந்தபோது இந்த இசைவுக் கடிதங்களைக் கோப்பில் வைத்துத் தைத்தவன் நான்.

சரணாலயம் என்றதும் நாம் மலையையும் புலியையும் நினைக்கிறோம். ஈரோட்டுக்கும் சென்னிமலைக்கும் இடையே உள்ள வெள்ளோடு ஏரி பறவைகள் சரணாலயம். திருப்பூரை ஒட்டிய நஞ்சராயன் குளமும் 2022இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. என் தோட்டம் வெள்ளோட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர். அறிவிப்புக்கு நெடுங்காலம் கழித்து வாங்கிய, உரிமம் வேண்டாத காற்றுத் துப்பாக்கிக்கு இந்தப் பிரிவின் சொற்கள் எப்படிப் பொருந்தும் என்பதில் இரு விதமாக வாதாடலாம். வாதாடிக்கொண்டிருக்க விருப்பமில்லை, துப்பாக்கியின் விவரம், குழல் விட்டம், அதில் ஸ்கோப் பொருத்தப்பட்டிருப்பது ஆகியவற்றை எழுதி ஒப்புகையோடு கூடிய பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

17 மார்ச் 2024

நேற்று மக்களவைத் தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களை இனி ஒப்படைக்கச் சொல்வார்கள். காற்றுத் துப்பாக்கிக்காரர்களுக்கு இந்தக் குறிப்பு தேவையில்லை. பயிர்ப் பாதுகாப்புக்காகவோ தற்காப்புக்காகவோ ரைபிள் வைத்து அதில் ஸ்கோப் மாட்டியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஸ்கோப்புக்கு உரிமம் இல்லை என்பது இங்கே உங்களுக்கு எதிராகத் திரும்பும். உரிமப் புத்தகத்தில் துப்பாக்கியின் வகையும் எண்ணும் இருக்கும்; ரசீது எழுதுபவரும் அதைப் பார்த்தே எழுதுவார். நான் பணியில் இருந்தபோது முதியவர் ஒருவர் வந்து, ஒப்படைத்த துப்பாக்கி திரும்ப வந்துவிட்டது, மகன் வாங்கிக் கொடுத்த ஸ்கோப் வரவில்லை என்று அழாத குறையாகச் சொன்னார். ரசீதை வாங்கிப் பார்த்தேன். துப்பாக்கி ஒன்று, எண் இன்னது என்பதோடு முடிந்திருந்தது. ஸ்கோப் இருந்தது என்பதற்கு அவர் சொல்லைத் தவிர எதுவும் இல்லை. என்னால் செய்ய முடிந்ததும் எதுவும் இல்லை. அந்த முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

ஒப்படைக்கும் முன் ஸ்கோப்பைக் கழற்றி வீட்டில் வையுங்கள். கழற்றினால் குறி மாறிவிடும், மறுபடி சரிசெய்யக் குண்டு செலவாகும் என்று தயங்குபவர்கள், ஸ்கோப்பின் பெயரையும் வரிசை எண்ணையும் ரசீதில் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

9 ஜூன் 2024

வெளிநாட்டிலிருந்து நண்பர் மூலம் ஸ்கோப் வரவழைக்கலாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

நம் சுங்கத் தீர்வைப் பட்டியலில் இதைப் பற்றிய ஒரு குறிப்பு இருக்கிறது. முதல் நாளிலிருந்து நான் தட்டுத் தடுமாறிச் சொல்ல முயன்றதை அது ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. ஆயுதங்களுக்கான 93ஆம் அத்தியாயத்தின் முதல் குறிப்பு, துப்பாக்கிக்கான தொலைநோக்கிக் கண்ணாடிகள் இந்த அத்தியாயத்தில் சேராது, அவை 90ஆம் அத்தியாயத்துக்குரியவை என்கிறது. 90ஆம் அத்தியாயம் நுண்ணோக்கி, கேமரா, மூக்குக் கண்ணாடி ஆகியவை இருக்கும் இடம். ஆனால் உடனே ஒரு விலக்கு: துப்பாக்கி மேல் பொருத்தப்பட்டிருந்தாலோ, எந்தத் துப்பாக்கிக்கு உரியதோ அதனோடு சேர்ந்து வந்தாலோ, அது 93இல்தான் சேரும். தனியே இருந்தால் கண்ணாடி, துப்பாக்கி மேல் ஏறினால் ஆயுதம்.

இதைப் படித்துவிட்டு, 90ஆம் அத்தியாயம் என்றால் தடையில்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அத்தியாயம் வகையையும் தீர்வையையும்தான் சொல்லும். அந்த வகைப் பொருளை இறக்குமதி செய்யலாமா, எந்த நிபந்தனையில் என்பது வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் பட்டியலில் இருக்கிறது. அது அவ்வப்போது மாறும். பணம் கட்டுவதற்கு முன் 9013 என்ற தலைப்பின் கீழ் உள்ள வரியை அன்றைய பட்டியலில் பாருங்கள். அனுப்பும் நாட்டின் சட்டமும் உண்டு. அமெரிக்காவில் துப்பாக்கிக்கான ஒளியியல் குறிக்கருவிகள் 2020 மார்ச் முதல் 0ஏ504 என்ற எண்ணின் கீழ் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் உள்ளன. அங்கே கடையில் யாரும் எதுவும் கேட்காமல் விற்பார்கள், நாட்டை விட்டுக் கொண்டுபோவதுதான் சிக்கல். இரவில் பார்க்கும் கருவிகளுக்கு இன்னும் கடுமையான விதிகள். நண்பரின் பெட்டிக்குள் போட்டு அனுப்பச் சொல்வது அவரை மாட்டிவிடும் வேலை. உள்ளூரில் பில்லோடு வாங்குங்கள்.

10 ஜூன் 2024

மற்ற நாடுகளிலும் சட்டம் கண்ணாடியை இப்படித்தான் விட்டுவிடுகிறதா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: பகலில் பார்க்கும் சாதாரண ஸ்கோப்பைப் பல நாடுகள் விட்டுவிடுகின்றன, இரவுக் கருவியை விடுவதில்லை. ஜெர்மனியில் துப்பாக்கியில் பொருத்தும் லேசர்க் குறிகாட்டிக்குத் தடை. ஸ்கோப்பின் முன்னோ பின்னோ மாட்டும் இரவுக் கருவியை 2020 முதல் வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதித்தார்கள். அப்போதும் அதை வேட்டையில் பயன்படுத்தலாமா என்பதை அந்தந்த மாநில வேட்டைச் சட்டம் தீர்மானிக்கிறது. பிரிட்டனில் 1981ஆம் ஆண்டின் வன உயிரினச் சட்டம், காட்டுப் பறவைகளைக் கொல்ல இரவுக் குறிக்கருவியைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. கலிபோர்னியாவில் அகச்சிவப்பு ஒளியை வீசிப் பார்க்கும் துப்பாக்கிக் கண்ணாடியை வைத்திருப்பதே குற்றம்.

2 ஜூலை 2024

எந்த ஸ்கோப் என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. வில்விசைக் காற்றுத் துப்பாக்கி முன்னும் பின்னுமாக இரு முறை உதைக்கும். வெடிமருந்துத் துப்பாக்கிக்கென்று செய்த மலிவான ஸ்கோப் அதைத் தாங்காமல் உள்ளே கண்ணாடி கழன்றுவிடும். இரண்டை அப்படி இழந்திருக்கிறேன். காற்றுத் துப்பாக்கிக்கானது என்று எழுதியிருப்பதையும், துப்பாக்கி மேலுள்ள 11 மி.மீ. தண்டவாளத்தில் நழுவாமல் நிற்கும் தடுப்பு ஊசியுள்ள மவுண்ட்டையும் (ஸ்கோப்பைப் பிடித்து நிறுத்தும் வளையம்) வாங்குங்கள்.

26 ஜனவரி 2025

இந்த மாதம் காட்டுப்பன்றி பற்றித் தமிழ்நாடு அரசு முடிவெடுத்த செய்தி வந்ததிலிருந்து, இனிச் சுடலாம் என்று பலர் எழுதுகிறார்கள். செய்தியை முழுவதும் படியுங்கள். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால்தான் சுடுவது, அதையும் வனத்துறையினர்தான் செய்வார்கள். கேரளத்தில் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் தந்து, உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கொண்டு சுடச் செய்தார்கள். அங்கே உள்ளதை இங்கே உள்ளதாக எண்ணிக்கொண்டு எவரும் ரைபிளுக்கு ஸ்கோப் தேட வேண்டாம்.

கேள்வி கேட்ட நண்பர் போன வாரம் என் தோட்டத்துக்கு வந்திருந்தார். அவர் ஸ்கோப் வாங்கிவிட்டார். பில்லையும் துப்பாக்கியின் ஜூல் சான்றையும் ஒரே உறையில் வைத்திருக்கிறார். மண்மேட்டை ஒட்டி 20 மீட்டரில் காகித இலக்கு வைத்து இருவரும் சுட்டோம். கடலைக் காட்டைச் சுற்றி வலை கட்டியிருக்கிறாராம். விதைத்த முதல் பத்து நாளைக்கு அது போதுமானதாக இருக்கிறது, அதன் பிறகு மயில் அவ்வளவாகக் கிளறுவதில்லை என்றார்.